வடிவாம்பாளின் மூன்று சட்டிகள்

ஒரு பொடி எவ்வளவு நைசாக இருக்கிறது என்று வடிவாம்பாள் கண்ணால் பார்த்துச் சொல்வதில்லை. முதலில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்ப்பாள். ஒன்றும் தட்டுப்படவில்லை என்றால் துளி எடுத்து முன்பல்லில் வைத்து மெதுவாக அரைப்பாள். நறுக்கென்று ஏதாவது கேட்டால் துப்பிவிட்டு, "இது ரெண்டாஞ்சட்டி" என்பாள். ஒன்றுமே கேட்காவிட்டால் முகம் மலர்ந்து, "வெண்ணெய்" என்பாள். தென்காசி சுற்று வட்டாரத்தில் எண்ணெய் எஞ்சினோ பஸ்ஸோ வைத்திருக்கிற யாரும் இன்று அந்தப் பல்லின் தீர்ப்புக்கு மேல் பேசுவதில்லை.

அவள் பிறந்தது செங்கோட்டைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் உள்ள புளியரை. அவளுடைய அம்மா வீட்டில் கூவைமாவு எடுப்பார்கள். மலையிலிருந்து வரும் கூவைக்கிழங்கை அரைத்து, தண்ணீரில் கரைத்து, சிறிது நேரம் தெளியவிட்டால் மண்ணும் திப்பியும் முதலில் அடியில் இறங்கிவிடும். மேலே கலங்கி நிற்கும் தண்ணீரை வேறு சட்டிக்கு இறுத்தால் அதில் நல்ல மாவு மெதுவாகப் படியும். பெரியது முன்னால் இறங்கும், சின்னது பின்னால் இறங்கும். இந்த ஒரு விஷயத்தோடுதான் அவள் தென்காசிக்கு வாழ வந்தாள்.

கணவர் அய்யாத்துரை, குற்றாலம் ரோட்டில் பலவேசம் முதலாளியின் பஸ் ஷெட்டில் ஃபிட்டர். ஷெட்டுக்கு அடுத்த வளவில்தான் அவர்கள் வீடு. எங்கள் வீடும் அதே வளவில். கிணறும் துவைகல்லும் பொது. கழற்றிய சாமான்களைக் கழுவ ஷெட்டில் தண்ணீர் வசதி இல்லாததால் அய்யாத்துரை அவற்றைச் சாக்கில் கட்டி வளவுக்குக் கொண்டு வருவார். ஆரம்பத்தில் தண்ணீர் மட்டும் இறைத்துக் கொடுத்த வடிவாம்பாள், கொஞ்ச நாளில் கணவர் கையிலிருந்து தேய்க்கும் நாரைப் பிடுங்கிக்கொண்டாள். "நீங்க தேய்க்குத தேய்ப்புக்கு இது அடுத்த சித்திரைக்குத்தான் வெளுக்கும்" என்றாளாம்.

சுத்தம் செய்வதில் அவளுக்கு இருந்தது பொறுமை இல்லை, வெறி. இரும்புச் சாமான் என்றால் வண்ணார்கள் வெள்ளாவிக்குப் பயன்படுத்தும் உவர்மண்ணையும் சுண்ணாம்பையும் கரைத்த தண்ணீரில் வேகவைப்பாள். வருஷக்கணக்காக ஏறிய கிரீஸ் எல்லாம் கழன்று மிதக்கும். பித்தளைக்குப் புளியும் செங்கல் பொடியும். வால்வு தேய்க்க மட்டும் கடையிலிருந்து எமரி என்கிற கரகரத்த தேய்ப்புப் பசை டப்பாவில் வரும். அய்யாத்துரை அதைப் பூட்டி வைத்துக்கொள்வார். அவள் அதைத் தொட்டால் தீர்த்துவிடுவாள் என்று பயம்.

யுத்தம் வந்தது. எமரி டப்பா கடையிலிருந்து மறைந்தது. அடுத்தபடியாகப் பெட்ரோலும் மறைந்தது. முதலாளி தமது பஸ்ஸின் பின்னால் ஒரு பெரிய இரும்புப் பீப்பாயைப் பொருத்தினார். அதில் கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையிலிருந்து வரும் வாயுவில் எஞ்சினை ஓட்ட வேண்டும். ஓடியது. ஆனால் சாம்பலும் தாரும் எஞ்சினுக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. வால்வுகள் சரியாக மூடவில்லை. சமதளத்தில் சமாளித்த பஸ், குற்றாலத்தைத் தாண்டி ஐந்தருவி ஏற்றத்தில் மூச்சுவிட முடியாமல் நிற்கும். பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள். அப்படியும் ஏறாத ஒரு நாளில் குதிரை வண்டிக்கார மூசா தம்முடைய குதிரையை அவிழ்த்து, பஸ்ஸின் முன்னால் பூட்டி இழுத்துவிட்டார். அன்று முதல் அவருடைய வாயைக் கட்ட ஊரில் ஆளில்லாமல் போயிற்று.

மூசா எங்கள் வளவு வாசலில்தான் வண்டியை நிறுத்துவார். நல்ல மனிதர். ஆனால் பஸ் என்றால் அவருக்கு ஆகாது.

"ஏ அய்யாத்துரை, உன் கரிச்சட்டி இன்னைக்கு எத்தனை பேர் தள்ளுத சீட்டு வித்திருக்கு? உக்காருத சீட்டுக்கு ஒரு ரேட்டு, தள்ளுத சீட்டுக்கு ஒரு ரேட்டா?"

அய்யாத்துரைக்குப் பதிலாக உள்ளேயிருந்து வடிவாம்பாள்தான் சொல்லுவாள்: "உங்க குதிரைக்குக் கொள்ளு வச்சாச்சா அண்ணாச்சி? அது எலும்பை எண்ணிப் பாத்துட்டு நிக்குது."

அந்த வருஷம் சாரல் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. அருவிகளில் தண்ணீர் வந்ததும் கூட்டமும் வந்தது. நடுவழியில் நின்ற பயணிகள் சிலர் மேலிடத்துக்குப் புகார் எழுதிப் போட்டிருந்தார்கள். மோட்டார் இன்ஸ்பெக்டர் ஆடி முதல் வெள்ளியன்று வந்து பார்ப்பதாகத் தகவல் வந்தது. முழுப் பாரத்தோடு பஸ் தென்காசியிலிருந்து ஐந்தருவி வரை யாரும் தள்ளாமல் ஏற வேண்டும். ஏறாவிட்டால் பெர்மிட் ரத்து.

அதற்காகத்தான் அய்யாத்துரை எஞ்சின் முழுவதையும் பிரித்தார். பிஸ்டன்களைக் கழற்றிச் சாக்கில் போட்டுத் துவைகல்லின் பக்கம் வைத்துவிட்டு, கரி ஏற்றி வரச் செங்கோட்டைக்குப் போய்விட்டார். அவை என்ன உலோகம் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. கரியும் எண்ணெயும் பூசிக்கிடந்ததால் பார்த்தும் தெரியாது. முதலாளியின் பழைய பஸ்களில் இருந்தவை இரும்புப் பிஸ்டன்கள். வடிவாம்பாள் எப்போதும்போல வெள்ளாவித் தண்ணீரைக் கொதிக்கவைத்து எல்லாவற்றையும் உள்ளே போட்டாள்.

தண்ணீர் பொங்கியது. அதுவரை அவள் பார்த்திராத பொங்கல். நுரை விளிம்பைத் தாண்டி அடுப்பில் வழிந்தது.

"பாத்தியா, இன்னைக்கு உவர்மண்ணு நல்ல மண்ணு. என்னமா வேலை செய்யுது!" என்று என்னிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு, மேலே ஒரு தட்டைப் போட்டு மூடினாள்.

அய்யாத்துரை திரும்பி வந்து தட்டைத் திறந்தபோது பிஸ்டன்கள் கறுத்துப்போய், ஓரமெல்லாம் கறையான் அரித்ததுபோல் கிடந்தன.

"ஏட்டி, எதுல போட்டே இதை?"

"எப்பவும் போடுத தண்ணியிலதான்."

"இது இரும்பு இல்லட்டி! அலுமினியம்! காரம் பட்டா கரைஞ்சு போயிரும்."

"அதைச் சாக்குல எழுதியா வச்சிருந்தீங்க? சொல்லாமப் போனா எனக்கு என்ன குறி சொல்லவா தெரியும்?"

சத்தம் கேட்டு மூசா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, பிஸ்டன் வெந்துட்டா? உப்புப் பாத்து எறக்கு."

யாரும் சிரிக்கவில்லை. மூசாவே அதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

முதலாளி வந்தார். ஒரு பிஸ்டனை எடுத்து விளிம்பை நகத்தால் கீறினார். அது உதிர்ந்தது. அங்கே கிடந்த டயரின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கப்பலே வராத காலத்துல இதுக்கு நான் எங்கன போவேன்லே? வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வருதாரு. பெர்மிட் போச்சுன்னா பஸ்ஸை வித்துட்டு அரிசிக் கடைக்கே போயிருவேன். நீ பட்டாளத்து ஒர்க்‌ஷாப்புக்குப் பேர் குடுத்துரு. அஸ்ஸாம் பக்கம் ஃபிட்டர் எடுக்கானாம்."

அய்யாத்துரை தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவருடைய சிற்றப்பா மகன் அப்படி அஸ்ஸாமுக்குப் போனவன்தான். போனதற்குப் பிறகு அவனைப் பற்றித் தகவலே இல்லை. அது வளவில் எல்லோருக்கும் தெரியும்.

கிணற்றடியிலிருந்து வடிவாம்பாள் முன்னால் வந்தாள். முதலாளி முன்னால் அவள் நின்று பேசியது அதுவே முதல் தடவை.

"முதலாளி, செஞ்சது நான். அவங்களை அஸ்ஸாமுக்கு அனுப்பாதீங்க. அரியங்காவுல கவுந்த பஸ்ஸு ஷெட்டுக்குப் பின்னால கெடக்குல்லா? அதுலயும் இதே எஞ்சின்னு இவங்க சொல்லிருக்காங்க. அந்தப் பிஸ்டனைக் கழத்தித் தாங்க."

"அதுல கரி ஏறிக் கல்லாக் கெடக்கு. ரிங்கெல்லாம் ஒட்டிப் போச்சு" என்றார் அய்யாத்துரை.

"கல்லா இருந்தா என்ன? நான் எடுக்கேன்."

முதலாளி அவளை நிமிர்ந்து பார்த்தார். "இதையும் வேகவைக்கவா?"

"வேகவைக்க மாட்டேன்" என்றாள். அவள் குரல் உடைந்ததை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். உடனே சேர்த்துக்கொண்டாள்: "பின்ன, அதுவும் வெந்துட்டா அவங்களோட நானும் அஸ்ஸாமுக்குப் போறேன். ரயில் செலவு உங்களுது."

முதலாளி எழுந்து போகும்போது, "கழத்திக் குடு" என்று மட்டும் சொன்னார்.

வடிவாம்பாளிடம் ஓர் அலுமினியத் தூக்குச்சட்டி உண்டு. கல்யாணத்துக்கு வந்த சீர். அலுமினியம் அப்போது புதுமை. அதை விசேஷ நாட்களில்தான் எடுப்பாள். அன்று அதன் மூடியைக் கொண்டுவந்து வெயிலில் வைத்தாள். கரியால் கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்தாள். ஒரு கட்டத்தில் செங்கல் பொடி, ஒன்றில் ஆற்று மணல், ஒன்றில் புளி, ஒன்றில் உமிச்சாம்பல் என்று வீட்டில் உள்ள ஒவ்வொன்றையும் வைத்துத் தேய்த்துவிட்டு, மூடியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். மணல் உழுதிருந்தது. செங்கல் பொடி கீறியிருந்தது. உமிச்சாம்பல் கீறவில்லை, பளபளவென்று வந்தது. ஆனால் ஈரத்தோடு அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிட்டு வந்து பார்த்தபோது அந்தக் கட்டம் மங்கிக் கறுத்திருந்தது.

"இதுலயும் அந்தக் காரம் இருக்கு" என்றாள். சாம்பல் தண்ணீரை விரலில் தடவினாள். சோப்புபோல வழுக்கியது. "வழுக்குத வரைக்கும் ஆகாது."

சாம்பலைத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, தெளியவிட்டு, மேல் தண்ணீரைக் கொட்டினாள். மறுபடியும் ஊற்றினாள். வழுக்கல் நிற்கும் வரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். கிணற்றில் தண்ணீர் இறைத்து எனக்குக் கை கொப்பளித்துவிட்டது. அதன்பிறகு கூவைமாவு இறுப்பதுபோல் இறுத்து, கடைசியாகப் படிந்த மெல்லிய சாம்பலை மட்டும் துணியில் உலர்த்தினாள். மூடியில் தேய்த்தாள், ஈரத்தோடு விட்டாள், வந்து பார்த்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது.

பழைய பிஸ்டன்களை ரேஷன் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டாள். அதனால் எங்கள் இரு வீட்டிலும் விளக்குக்குப் பஞ்சம் வந்தது. ஊறிய கரியை இரும்பால் சுரண்ட அவள் விடவில்லை. மூங்கில் பத்தையைச் சீவி, பிஸ்டனைச் சுற்றி வளையம்போல் ரிங் உட்காரும் பள்ளத்தின் அகலத்துக்கு நுனியைச் செதுக்கி, அதைக்கொண்டே நோண்டி எடுத்தாள். மூங்கில் தேயும், அலுமினியம் தேயாது. கரி முழுவதும் போனபின் கழுவிய சாம்பலை விளக்கெண்ணெயில் குழைத்து, பழைய வேட்டித் துணியால் தேய்த்தாள். பிஸ்டன்கள் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வந்தன. ரிங்குகள் பள்ளத்தில் தடையில்லாமல் சுழன்றன. அய்யாத்துரை ஒன்றைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வெற்றிலைச் செல்லத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

ஆனால் வால்வுகள் மசியவில்லை. வால்வு என்பது கெட்டி எஃகு. அதன் விளிம்பும் அது உட்காரும் வளையமும் ஒன்றோடொன்று தேய்ந்து, காற்றுப் புகாமல் பொருந்த வேண்டும். சாம்பலை வைத்துத் தேய்த்ததில் அது மினுங்கியது. விளிம்பில் அரித்திருந்த பள்ளம் அப்படியே இருந்தது.

"சிரிக்குதே தவிரக் குறையல" என்றாள் வடிவாம்பாள். "இதைவிடக் கெட்டியான பொடி வேணும். எமரி மாதிரி வெட்டணும்."

அவளுக்கு ஞாபகம் வந்தது சிற்றாற்று மணல். வெள்ளம் வடிந்ததும் கரையோரத்து மணலின்மேல் செந்நிறமாக ஒரு கோடு படியும். துவைக்கப் போகிற பெண்கள் அந்த இடத்தில் துணியை வைக்க மாட்டார்கள். அந்தச் சிவப்பு மணல் துணியில் ஒட்டிவிட்டால் கல்லில் அடிக்கும்போது சேலை கிழிந்துவிடும். தென்காசியில் அதைத் திட்டாத பெண் கிடையாது.

"சேலையைக் கிழிக்குதுல்லா, வால்வையும் கிழிக்கட்டும்" என்று ஒரு பெட்டி நிறைய அள்ளி வந்து இரும்பு உரலில் போட்டு இடித்தாள். இடித்து முடித்தபோது உரலின் உள்பக்கம் புதிதாகச் சாணை பிடித்ததுபோல் கீறிக்கிடந்தது. உரல் கெட்டுப்போனதில் அவளுக்கு ஒரே சந்தோஷம். இரும்பையே கீறுகிற பொடி கையில் கிடைத்துவிட்டது.

மூன்று மண்சட்டிகளை வரிசையாக வைத்தாள். முதல் சட்டியில் பொடியைக் கலக்கிவிட்டு, ஒரு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி மடிக்கும் நேரம் பொறுப்பாள். பெரிய பொடி அடியில் இறங்கிவிடும். கலங்கிய தண்ணீரை இரண்டாம் சட்டிக்கு இறுப்பாள். அந்த வெற்றிலையை மென்று முடிக்கும் நேரம் பொறுத்து, மிச்சத்தை மூன்றாம் சட்டிக்கு இறுப்பாள். மூன்றாம் சட்டியை யாரும் தொடக் கூடாது. தானாகத் தெளிய வேண்டும். முதல் சட்டிப் பொடி பள்ளத்தை வெட்டும். இரண்டாவது, முதல் சட்டி போட்ட கீறலை எடுக்கும். மூன்றாவது, இரண்டாவது போட்டதை எடுக்கும்.

முதல் வால்வை அய்யாத்துரை தேய்த்தார். பொடியை விளக்கெண்ணெயில் குழைத்து விளிம்பில் பூசி, தயிர் கடைவதுபோல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அரைச்சுற்று சுற்ற வேண்டும். நடுநடுவே தூக்கி இடம் மாற்ற வேண்டும். முதல் சட்டி, இரண்டாம் சட்டி, மூன்றாம் சட்டி என்று வரிசையாகச் செய்து துடைத்துப் பார்த்தால், விளிம்பைச் சுற்றி ஆழமாக ஒரு கீறல்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"உன் மூணாஞ்சட்டி சரியில்ல."

"என் சட்டியா? எங்க, அந்தக் குச்சியைக் காட்டுங்க."

காட்டினார். பொடியை எடுத்த குச்சி ஒன்றுதான். முதல் சட்டியில் விட்ட அதே குச்சியைத்தான் மூன்றாவதிலும் விட்டிருந்தார்.

"மீன் குழம்புல விட்ட அகப்பையைப் பாயசத்துல விடுவீங்களா?"

"தொடைச்சுட்டுத்தான் விட்டேன்."

"தொடைச்சா வாடை போயிருமா?"

அவர் போட்ட பெரிய பொடி மூன்றாம் சட்டியில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்? கண்ணுக்குத் தெரியவில்லை. விரலுக்கும் தெரியவில்லை. அப்போதுதான் அவள் துளி எடுத்துப் பல்லில் வைத்தாள். எங்களுக்கே கேட்கும்படி நறுக்கென்றது.

மூன்றாம் சட்டி முழுவதையும் வாய்க்காலில் கொட்டிவிட்டாள். வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. அய்யாத்துரை, "கொட்டாதட்டி, கொட்டாத!" என்று கையைப் பிடித்தும் கேட்கவில்லை. மறுபடியும் ஆற்றுக்குப் போனாள், மறுபடியும் இடித்தாள், மறுபடியும் இறுத்தாள். இந்தத் தடவை ஒவ்வொரு சட்டிக்கும் ஒரு குச்சி. குச்சியின் தலையில் மஞ்சள், குங்குமம், சுண்ணாம்பு என்று வேறு வேறு நிறம் பூசிவிட்டாள். தேய்க்கும் துணியும் வேறு வேறு. சட்டி மாறும்போது கையைக் கழுவ வேண்டும். ஃபிட்டராக இருந்தாலும் கழுவ வேண்டும்.

ஒரே ஓர் இடத்தில் அய்யாத்துரை அவளைத் தடுத்தார். எஞ்சின் தண்டைத் தாங்கும் பேரிங்கின் உள்பக்கம் ஈயம்போல் மெத்தென்ற உலோகம். அதையும் பளபளப்பாக்க அவள் சாம்பலை எடுத்தாள்.

"இதுல எந்தப் பொடியும் ஆகாது வடிவு. மெத்தையில முள்ளு குத்தி நிக்குத மாதிரி பொடி உள்ள பதிஞ்சு நின்னுக்கும். அப்புறம் தண்டு சுத்தச் சுத்த அது தண்டை அறுத்துரும்."

அவள் ஒரு சோப்புத் துண்டின்மேல் பொடியைத் தூவி அழுத்திப் பார்த்தாள். அழுந்திப் பதிந்துகொண்டது. அந்தச் சோப்பை உரல்மேல் தேய்த்தாள். உரலில் கீறல் விழுந்தது. "அட" என்று சாம்பலைக் கீழே வைத்தாள். பேரிங்கை எண்ணெயும் துணியும் மட்டும் போட்டு அவளே துடைத்தாள். மற்ற எல்லாவற்றையும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் துளி அழுக்குத் தெரிந்தாலும் மறுபடியும் கழுவினாள்.

எல்லா வால்வும் பொருத்தியபிறகு அய்யாத்துரை அவற்றின்மேல் மண்ணெண்ணெய் ஊற்றினார். சரியாகப் பொருந்தாத வால்வின் அடியில் அது கசியும். நாங்கள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். அடிப்பக்கம் காய்ந்தே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை சாரலோடு விடிந்தது. இன்ஸ்பெக்டர் குடையோடு வந்தார். உயரமான, அதிகம் பேசாத மனிதர். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. கூரைமேல் பலாப்பழ மூட்டைகள். பாரம் காட்டுவதற்காக வளவு முழுவதையும் முதலாளி ஏற்றிவிட்டிருந்தார். எனக்குப் பின் வரிசையில் வடிவாம்பாளின் பக்கத்தில் இடம் கிடைத்தது. வெளியே மூசா, வண்டியில் குதிரையைப் பூட்டிக்கொண்டு, தோளில் ஒரு கனத்த தேங்காய்நார்க் கயிற்றுச் சுருளோடு நின்றார். கயிறு புத்தம் புதிது.

"இது எதுக்கு அண்ணாச்சி?" என்று வடிவாம்பாள் ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"போன தடவை கட்டுன கயிறு அந்து போச்சு தங்கச்சி. உங்க பஸ்ஸுக்குன்னே வாங்குனேன். நான் முன்னால போய் ஏத்தத்துல நிக்கேன்."

"நாங்க ஏறிட்டா?"

"ஏறிட்டா இந்தக் கயிறு உனக்குத்தான்."

"பேச்சு மாறக் கூடாது."

"மூசா பேச்சு மாறுவானா? கரிச்சட்டிதான் மாறும்" என்று சிரித்துக்கொண்டே குதிரையைத் தட்டிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் பஸ்ஸையும் காகிதங்களையும் பார்த்து முடிக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. பீப்பாயில் கரி பற்றி, அதை ஊதும் காற்றுச் சக்கரத்தைச் சுற்றி, எஞ்சினைச் சுழற்றியதும் பஸ் கிளம்பியது. அந்த ஓசையை நான் முன்பு கேட்டதே இல்லை. முன்பெல்லாம் அது இருமும். இன்று ஒரே சீராக, அடிவயிற்றிலிருந்து வந்தது. வடிவாம்பாள் கண்ணை மூடிக்கொண்டு, முன்பல்லை லேசாகக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எஞ்சினுக்குள் ஏதாவது பொடி நறுக்கென்கிறதா என்று கேட்பதுபோல் இருந்தது.

குற்றாலம் கடந்தது. குளிக்கப் போகிறவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். ஐந்தருவிச் சாலை ஏறத் தொடங்கியது. வழக்கமாக நிற்கும் வளைவு வந்தது. ஓரத்தில் மூசா கயிற்றைப் பிரித்துத் தயாராக நின்றார். பஸ் அவரைத் தாண்டியது. உள்ளே எல்லோரும் கத்தினார்கள்.

அப்போது இன்ஸ்பெக்டர் கையைத் தூக்கினார். "இங்கே நிறுத்துங்க."

சத்தம் அடங்கியது. செங்குத்தான இடம், மழையில் ரோடு வழுக்கியது. கரி பஸ்ஸை ஏற்றத்தில் நிறுத்தினால் வாயு குறைந்துவிடும். திரும்ப எடுப்பது பெட்ரோல் பஸ்போல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். முதலாளியின் முகம் வெளுத்தது. டிரைவர் திரும்பி அய்யாத்துரையைப் பார்த்தார். அய்யாத்துரை திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"நிறுத்தச் சொன்னா நிறுத்துங்க" என்றாள் வடிவாம்பாள். "எடுக்கும்."

பஸ் நின்றது. சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் இறங்கி, பீப்பாயைச் சுற்றி வந்து, எஞ்சின் பக்கம் காதை வைத்துக் கேட்டுவிட்டு அதை அணைக்கச் சொன்னார். அவசரமே இல்லாமல் குடையை மடக்கிக்கொண்டு ஏறினார். "ம், எடுங்க."

மூசா குதிரையை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். அய்யாத்துரை இறங்கிப்போய்க் காற்றுச் சக்கரத்தைச் சுற்றினார். எஞ்சின் ஒரு தடவை முனகியது. இன்னொரு தடவை. அதற்குப் பிறகு பிடித்துக்கொண்டது. கல்லை எடுத்தார்கள். பஸ் பின்னால் ஒரு விரலளவுகூட வழுக்கவில்லை. முன்னால் நகர்ந்தது, வேகம் பிடித்தது, வளைவில் திரும்பியது. அய்யாத்துரை ஓடிவந்து படியில் தொற்றிக்கொண்டார். அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

ஐந்தருவி இரைச்சல் கேட்டபோது பஸ்ஸுக்குள் குலவை போட்டார்கள். வடிவாம்பாள் மட்டும் குலவை போடவில்லை. கண்ணைத் திறந்து, என் பக்கம் குனிந்து, "வெண்ணெய்" என்றாள்.

இன்ஸ்பெக்டர் இறங்கும்போது முதலாளியிடம், "எமரி எங்கே கிடைச்சது உங்களுக்கு?" என்று கேட்டார்.

"ஆத்துல" என்றார் முதலாளி. இன்ஸ்பெக்டர் விளையாட்டுப் பேச்சு என்று நினைத்துக்கொண்டார். பெர்மிட் நீடித்தது. அய்யாத்துரை அஸ்ஸாமுக்குப் போகவில்லை.

அந்தச் சாரல் முழுவதும் பஸ் ஓடியது. சேதி பரவியது. பண்பொழியிலிருந்து தண்ணீர் இறைக்கும் எஞ்சின் வால்வும், ஆய்க்குடி அரிசி மில்லிலிருந்து பிஸ்டனும் சாக்கில் வந்து எங்கள் வளவில் இறங்கின. சாக்கைப் பிரிப்பதற்கு முன் வடிவாம்பாள் ஒரே கேள்விதான் கேட்பாள்: "இது என்ன லோகம்?" தெரியாது என்றால் ஓரத்தில் அரத்தால் ஒரு கீறு கீறி, நிறம் பார்த்து, காந்தம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பொடியைத் தொடுவாள். யுத்தம் முடிந்து எமரி டப்பாக்கள் மறுபடியும் கடைக்கு வந்துவிட்டன. அவள் ஒரு டப்பாவை வாங்கிப் பல்லில் வைத்துப் பார்த்தாள். "ரெண்டாஞ்சட்டி" என்று சொல்லி மூடிவிட்டாள். இப்போது ஷெட்டின் பின்புறம் அவளுக்கென்று முதலாளி தண்ணீர்த் தொட்டியோடு ஓர் அறை கட்டிக் கொடுத்திருக்கிறார். அங்கே சட்டிகள் இன்னும் மூன்றுதான்.

ஐந்தருவி ஏறிய மறுநாளே மூசா வந்தார். கையில் அவருடைய வண்டி விளக்குகள். பித்தளை, புகையில் கறுத்துப்போனவை.

"தங்கச்சி, இதுக்கு எந்தச் சட்டி?"

"இதுக்குச் சட்டியே வேண்டாம் அண்ணாச்சி. உங்க வீட்டுல புளியும் செங்கலும் இருக்குல்லா? கயிறு எங்க?"

மூசா வாசலைக் காட்டினார். கயிற்றுச் சுருள் வண்டியில் இருந்தது. அதை அவரே தூக்கி வந்து கிணற்றடியில் வைத்தார்.

எங்கள் வளவில் இன்று தண்ணீர் இறைப்பது அந்தக் கயிற்றில்தான்.